தோற்ற கணக்கும் நூற்ற கணக்கும்

சோழபுரத்தில் கூடியுள்ள இவ்வவையின் முன் இன்று வைக்கப்படுவது, பள்ளியில் கணக்கில் தோற்று, நாற்பது வயதுக்கு மேல் அதனை மீண்டும் கற்க விரும்புவோரின் வழக்கு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழகத்தின் ஊர்தோறும் பரவியபோது எழுத்தோடு எண்ணும் சேர்த்தே கற்பிக்கப்பட்டது. 2022 முதல் நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும், 15 வயது நிரம்பியும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களை நோக்கியே வகுக்கப்பட்டது. பள்ளிக்கே போகாதவருக்கு இவ்வாறு இடம் கிடைத்தது. போய், பின்னத்திலும் இயற்கணிதத்திலும் இடறி, பத்தாம் வகுப்போடு ஆலை வேலைக்குச் சென்றவருக்கோ பெரும்பாலும் தனித்தேர்வே வழி, அதுவும் தேர்வேயன்றிக் கல்வியன்று.

இவர்களுக்குக் கணக்கு வராது என்பது ஆராயாமல் சொல்லப்படும் பேச்சு. இராசபாளையம் வட்டார நூற்பாலைகளிலும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறிகளிலும் புழங்கும் நூலின் பருமன் ‘கவுண்ட்’ என்னும் எண்ணால் அறியப்படுகிறது. 840 கஜ நீளத்தை ஒரு சிட்டமாகக் கொண்டு, ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம், நூலில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே கவுண்ட். 20-ஆம் கவுண்டில் ஒரு பவுண்டுக்கு 16,800 கஜமும் 40-ஆம் கவுண்டில் 33,600 கஜமும் கிடைப்பதால், எண் ஏற ஏற ஒரு கஜ நூலின் எடை குறைந்து நூல் மெலிகிறது. ஒன்று பெருக மற்றொன்று அதே மடங்கில் குறையும் இவ்வுறவை எதிர்விகிதம் என்பர். நான்கு மூன்றைவிடப் பெரிதாதலால் காற்பங்கும் மூன்றிலொரு பங்கைவிடப் பெரிது என்றெழுதி வகுப்பில் குட்டு வாங்கியவர், ஆலையில் எந்த நூல் மெல்லியது என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுகிறார். இரண்டும் ஒரே கணக்கு என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை.

அங்கிருந்து மேலேயும் போகலாம். கவுண்ட் இரட்டிப்பானால் நூலின் குறுக்குப் பரப்பு பாதியாகும். விட்டமோ பாதியாவதில்லை, பத்தில் ஏழு பங்காகவே குறைகிறது. ஏன் என்று கேட்டால், தன்னைத் தானே பெருக்கினால் இரண்டைத் தரும் எண்ணாகிய இரண்டின் வர்க்கமூலம் வந்து நிற்கும். பாடநூலில் அச்சுறுத்திய அதே வர்க்கமூலம்தான்.

வேலையில் வரும் கணக்கு தாளில் வராமல் போவது இங்கு மட்டுமன்று. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985-இல் வெளியான ஆய்வில், விற்பனையின்போது 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் சொன்னவர்களே, அவை வெறும் எண்களாகத் தாளில் தரப்பட்டபோது 37 விழுக்காட்டையே சரியாகச் செய்தனர். குறை கற்பவரின் தலையில் அன்று, பாடம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது.

ஆகவே இவ்வவையிடம் வைக்கப்படும் வேண்டுகோள் சிறிது. ஷிப்டு முடிந்து வருவோருக்கு ஏற்ற நேரத்தில், வாரம் ஒரு மாலை, ஊர்ப் பள்ளியின் ஓர் அறையைத் திறந்துவிட வேண்டும். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் முன்வர வேண்டும். முதல் நாள் கரும்பலகையில் கவுண்ட் கணக்கை எழுத வேண்டும். தேர்வு மட்டும் வேண்டாம்.