மண் களம் தந்த மல்லர்



மற்போர் நம் நாட்டுக்குப் புதிய கலை அன்று. சோழர் குடியிற் பிறந்த போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய செய்தியைப் புறநானூற்றிற் காண்கிறோம். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது பட்டப்பெயர். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. காரைக்குடிக்கு அருகே சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டுக் கண்டவர்களுக்கு, வெறுங்கையோடு களத்தில் இறங்கும் துணிவு எத்தகையது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அத்துணிவோடு உலகக் களத்தில் நின்ற ஓர் இந்திய மல்லரைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். கசாபா தாதாசாகேப் ஜாதவ் என்பது அவர் பெயர்.

மராட்டிய நாட்டுச் சாத்தாரா மாவட்டத்தில், கராட் நகரை அடுத்த கோலேசுவர் என்னும் சிற்றூரில் 1926ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தாதாசாகேப்பும் ஒரு மல்லரே. ஆகவே மைந்தர் நடை பயின்ற சில ஆண்டுகளிலேயே மற்பயிற்சியும் தொடங்கிவிட்டது. ஆள் உயரமானவர் அல்லர், பருத்தவரும் அல்லர். ஆனால் விரைவும் நுட்பமும் அவரிடம் குடிகொண்டிருந்தன. எதிரி ஒரு பிடியை எண்ணி முடிப்பதற்குள் இவர் மறுபிடி போட்டிருப்பார்.

1948இல் இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்றார். கோல்காப்பூர் மன்னர் அப்பயணத்துக்குப் பொருளுதவி செய்தார். நம் ஊர்களில் மல்லர்கள் பயில்வது பண்படுத்திய மண்ணில். அங்கோ மெத்தென்ற விரிப்பின் மேல் பொர வேண்டும். விதிகளும் வேறு. கால் ஊன்றும் முறை முதற்கொண்டு எல்லாம் மாறுபடும். அவ்வாறிருந்தும் அவர் தம் எடைப்பிரிவில் ஆறாம் இடம் பெற்றார். தோற்றுவிட்டோம் என்று சோர்ந்து அமராமல், அடுத்த நான்கு ஆண்டுகளும் இடைவிடாது பயின்றார். சற்று உயர்ந்த எடைப்பிரிவுக்கும் மாறிக்கொண்டார்.

1952இல் பின்லாந்து நாட்டு ஹெல்சின்கியில் அடுத்த ஒலிம்பிக் நடைபெற இருந்தது. அதற்கு முன் சென்னையில் நிகழ்ந்த தேசியப் போட்டியில் தமக்குரிய புள்ளி குறைக்கப்பட்டது என்று கருதிய ஜாதவ், பட்டியாலா மன்னரிடம் முறையிட்டார். மறு தேர்வுக்கு வாய்ப்புக் கிடைத்தது. வென்று இடம் பெற்றார். இடம் கிடைத்தது, செலவுக்குப் பணம் இல்லை. ஊர் மக்கள் சிறுகச் சிறுகத் திரட்டினர். அவர் பயின்ற கோல்காப்பூர் இராசாராம் கல்லூரியின் முதல்வர் கர்டேகர், தம் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார்.

செட்டிநாட்டு மாணவர்களுக்கு இத்தகைய செயல் வியப்பாகத் தோன்றலாம், புதுமையாகத் தோன்றாது. 1947இல் காரைக்குடியில் கல்லூரி நிறுவிய வள்ளல் அழகப்பர், தாம் வாழ்ந்த மாளிகையையும் மகளிர் கல்விக்கு ஈந்தவர் அல்லரோ? ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெருஞ்செல்வர் ஈவது ஒரு சிறப்பு; மாத ஊதியத்தில் வாழும் ஆசிரியர் ஒருவர், வெற்றி உறுதியில்லாத மாணவனை நம்பி வீட்டுப் பத்திரத்தை நீட்டுவது மற்றொரு சிறப்பு.

ஹெல்சின்கியில் கனடா, மெக்சிகோ, செருமனி நாட்டு மல்லர்களை ஜாதவ் வென்றார். பின்னர்ச் சப்பானிய வீரர் இசீயுடன் நெடுநேரம் பொருது தோற்றார். களைப்பு ஆறுமுன் சோவியத்து மல்லரோடு பொர வருமாறு அழைத்தனர். இரு போட்டிகளுக்கு இடையே அரை மணி நேரமேனும் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துரைக்க இந்திய அதிகாரி ஒருவரும் அவ்வேளையில் அங்கே இல்லை என்பர். களைத்த உடலோடு களம் புகுந்தவர் தோல்வியுற்றார். எனினும் வெண்கலப் பதக்கம் அவருடையதாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனி வீரர் ஒருவர் ஈட்டிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

ஊர் திரும்பியவரை 151 மாட்டு வண்டிகள் ஊர்வலமாக அழைத்துச் சென்றன. ஆரவாரம் அடங்கியதும் அவர் செய்த முதற்காரியம் என்ன தெரியுமா? மற்போட்டிகள் நடத்தி, அதில் வந்த பொருளைக் கொண்டு ஆசிரியரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

1955இல் காவல் துறையிற் சேர்ந்து பணியாற்றி ஓய்வு பெற்றார். 1984ஆம் ஆண்டு ஆகசுட்டு 14ஆம் நாள் சாலை விபத்தொன்றில் உயிர் நீத்தார். அர்ச்சுனா விருது அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது. அடுத்த தனிவீரர் பதக்கத்துக்கு நாடு 1996 வரை, 44 ஆண்டுகள் காத்திருந்தது. மற்போரில் அடுத்த பதக்கம் 2008இல்தான் கிட்டியது.

நண்பர்களே! இவ்வரலாற்றில் இருவரை நினைவிற் கொள்ளுங்கள். ஒருவர், வீட்டை அடகு வைத்து மாணவனுக்குத் துணை நின்ற முதல்வர். மற்றவர், வந்து நின்று அரை மணி ஓய்வு கேட்டிருக்க வேண்டிய, ஆனால் வராத ஒருவர். நம்மில் மல்லராக வல்லவர் மிகச் சிலரே. களத்தில் நிற்பவனுக்குப் பக்கத்தில் நின்று, அவனுக்காக ஒரு சொல் சொல்வது எல்லோர்க்கும் இயலும். உங்கள் பள்ளியில், உங்கள் ஊரில், அவ்வாறு ஒருவன் இன்று தனியே நின்றுகொண்டிருக்கக்கூடும். அவனைத் தேடிச் செல்லுங்கள்.