குறைமாதப் பிள்ளையின் மூளையும் நமது கோரிக்கையும்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை வயிற்றில் இருக்கவேண்டிய காலம் 40 வாரம். 28 வாரம் நிறையுமுன் பிறந்தால் அது மிகக் குறைமாதப் பிள்ளை. நிறை ஒரு கிலோ அளவே இருக்கும். "கை கால் சரியாத்தானே இருக்கு, தேறிரும்" என்று லயத்தில் பேசிக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத மூளையைப் பற்றி நாம் பேசுவதில்லை.

24 வாரத்தில் மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய வழுவழுப்பாகவே இருக்கும். அதன் பிறகுதான் மடிப்புகள் விழுகின்றன, நரம்பு இணைப்புகள் பெருகுகின்றன. அந்த வேலை முடியுமுன் பிள்ளை பிறந்துவிடுகிறது. மூளையின் உள்ளறைகளை ஒட்டிய இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் அங்கே இரத்தம் கசியலாம். கால்களை இயக்கும் நரம்புப் பாதைகளும் பழுதடையலாம். அதனால் சில பிள்ளைகளுக்குக் கால் விறைத்து நடை பிந்துகிறது. சிலருக்குப் பார்வை, கேட்டல், பேச்சு, படிப்பு பாதிக்கப்படுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நேர்வதில்லை. இது தாயின் பாவமும் அல்ல, செய்வினையும் அல்ல.

பாதிப்பைக் குறைக்க வழி உண்டு. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் பலப்படும், மூளை இரத்தக் கசிவும் குறையும். இந்த ஊசியின் பயனை நியூசிலாந்து வைத்தியர்கள் 1972இலேயே காட்டிவிட்டார்கள். மக்னீசியம் சல்பேற் மருந்து மூளைவாதம் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் தாய் நேரத்தோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டும். மேல் டிவிசனில் இரவில் வலி கண்டவள் லொறிக்காகக் காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிப் போகும். ஏழாம் மாதத்துக்கு முன் வலியோ, நீர் உடைவோ, இரத்தப்போக்கோ கண்டால் விடியும்வரை பொறுக்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள்.

வீடு வந்த பிள்ளையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறக்கவேண்டியிருந்த நாளிலிருந்து கணக்கிடவேண்டும். கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. கால் விறைப்பை முன்கூட்டியே கண்டால் பயிற்சி கொடுத்து நன்மை பெறலாம்.

எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் பிரசவ லீவு என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. குறைமாதப் பிள்ளையோ இரண்டு மூன்று மாதம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வரும்போது தாயின் லீவு முடிந்துவிடுகிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்று: பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைச் சம்பளத்துடன் லீவில் சேர்க்கவேண்டும்; கிளினிக் நாளில் பேர் வெட்டக்கூடாது; ஒவ்வொரு டிவிசனுக்கும் இரவிலும் வாகனம் தயாராக இருக்கவேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு இவற்றையும் வைப்போம்.