நகரசபை உறுப்பினரும் வட்டாரச் செய்தியும்



நாம் குடியேறி வாழும் நகரங்களில் நகரசபை உறுப்பினருக்கு வழங்கும் பெயர்கள் சிந்திக்கத் தக்கவை. மராத்தியர் அவரை 'நகரசேவகர்' என்பர். நகரத்தின் தொண்டர் என்பது பொருள். கொல்கத்தாவில் 'பௌரபிதா' என்பர். நகரத்தின் தந்தை என்பது பொருள். தொண்டரோ தந்தையோ, எப்பெயரால் அழைக்கப்பெறினும், தம் வட்டத்து மக்களுக்கு அவர் ஆற்ற வேண்டிய முதற்கடமை ஒன்று உண்டு. நடக்கவிருப்பதை முன்னரே எடுத்துச் சொல்லுதலே அது. சாலை போடுவதும் சாக்கடை கட்டுவதும் அதற்கு அடுத்தவையே என்று கூறினால் மிகையாகத் தோன்றலாம். மும்பை மாநகராட்சியின் அமைப்பைப் பார்த்தால் அதன் உண்மை விளங்கும்.

மும்பை மாநகராட்சி 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குவது. அந்நகரத்து உள்ளாட்சியின் தந்தை எனப் போற்றப்பெறும் பெரோஸ்ஷா மேத்தாவின் சிலை, இன்றும் மாநகராட்சி மாளிகையின் முன் நிற்கிறது. மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 227 பேர். ஆயினும் நிர்வாக அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடமே உள்ளது. ஓர் உறுப்பினர் தம் விருப்பப்படி ஒரு தெருவைத் தோண்டச் சொல்லவும் முடியாது. தோண்டிய பள்ளத்தை மூடச் சொல்லவும் முடியாது. பணத்துக்கு ஒப்புதல் அளிக்கலாம். மன்றத்தில் கேள்வி கேட்கலாம். கிடைத்த விடையை மக்களிடம் கொண்டு சேர்க்கலாம். அவர் கையில் மண்வெட்டி இல்லை. ஆனால் மண்வெட்டி எங்கே, எப்போது விழும் என்பதை அறியும் வாய்ப்பு அவருக்கு உண்டு. அறிந்ததைத் தம்மிடமே வைத்துக்கொள்வாராயின், அவர் பதவியில் பாதி பயனற்றுப் போகிறது.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். மும்பைக்கு நீர் தருபவை ஏழு ஏரிகள். விஹார், துளசி ஆகிய இரண்டும் நகர எல்லைக்குள் உள்ளவை. தான்சா, பாத்சா, மோதக் சாகர், மேல் வைதரணா, நடு வைதரணா ஆகிய ஐந்தும் நகருக்கு வெளியே உள்ளவை. அங்கிருந்து வரும் நீர் வட்டாரந்தோறும் குறித்த நேரத்தில் திறந்துவிடப்படுகிறது. ஒரு குழாயை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் சந்தில், அந்த நேரமே நாளின் அச்சாணி. குழாய் பழுதுபார்க்கப்படுவதால் நாளை நீர் வராது என்பதை இன்றே சொன்னால், குடங்களை நிரப்பி வைத்துக்கொள்வர். சொல்லாவிட்டால் ஒருவர் வேலைக்குப் போகாமல் காத்திருப்பார்; ஒரு குழந்தை பள்ளிக்குப் போகாமல் வரிசையில் நிற்கும். அன்றைய கூலி போனதற்குக் காரணம் நீர் வராதது மட்டுமன்று. செய்தி வராததும் ஆகும்.

மழைக்காலத்தில் இதன் அருமை இன்னும் தெளிவாகும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், மும்பையின் வடபகுதியான சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தென்கோடியான கொலாபாவில் பதிவானதோ ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். தெற்கே அலுவலகத்தில் இருந்தவருக்கு அது சாதாரண மழைநாள். வடக்கே அவருடைய வீடு நீரில் மூழ்கிக்கொண்டிருந்தது. நகரத்துக்குப் பொதுவான செய்தி ஒன்று போதாது, வட்டாரத்துக்கு உரிய செய்தி வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தமிழர் பலகாலமாக வாழும் மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிளும் அருகிலுள்ள சயனும் நீர் தேங்கும் தாழ்ந்த பகுதிகள். கடல் ஏற்றமும் கனமழையும் ஒன்றுசேரும்போது, வடிகால் நீர் கடலுக்குள் செல்ல வழியின்றித் தெருவிலே நின்றுவிடுகிறது. ஏற்றத்தின் நாளும் நேரமும் முன்கூட்டியே கணிக்கப்படுபவை. அவற்றையும், வட்டாரத்து வடிகால்களில் எவை தூர்வாரப்பட்டன, எவை எஞ்சியுள்ளன என்பதையும் மழைக்கு முன்பே சொல்ல ஓர் உறுப்பினருக்குப் பெருஞ்செலவு ஆகாது. சந்து முனையில் ஒரு கரும்பலகையே போதும்.

நல்ல செய்தியைச் சொல்ல எவரும் முன்வருவர். சாலைத் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் வாராமல் இராது. "இவ்வாண்டு பணம் ஒதுக்கப்படவில்லை, உங்கள் கழிவுநீர்க் குழாய் மாற்றப்படாது, காரணம் இது" என்று எடுத்துரைப்பதற்கே துணிவு வேண்டும். அதைக் கேட்டவர் கோபம் கொள்வர். ஆயினும் ஏமாற மாட்டார்கள். மாதக்கணக்கில் பொய்ந்நம்பிக்கையில் காத்திருப்பதைவிட, உள்ளதை அறிந்து மனுக் கொடுப்பது மேல் அன்றோ?

சொல்ல வேண்டிய உறுப்பினரே இல்லாமற் போகும் காலமும் உண்டு. நகரமன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு என்றும், அது முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்றும் 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் விதிக்கிறது. இருப்பினும் மும்பை மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது; அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடைபெற்றது. பெங்களூரு மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டு கடந்தும் தேர்தல் நடைபெறவில்லை. அக்காலங்களில் நீர் வந்தது, குப்பை அள்ளப்பட்டது, அலுவலர்கள் பணி செய்தனர். ஆயினும் "ஏன்?" என்று நம் சார்பில் கேட்கவும், விடையை நம்மிடம் வந்து சொல்லவும் கடமைப்பட்ட ஒருவர் இல்லை.

இனி, நம் பொறுப்புக்கு வருவோம். நம்மவர் பலர் முப்பது ஆண்டு வெளியூரில் வாழ்ந்தும், வாக்காளர் பட்டியலில் தம் பெயரைப் பிறந்த ஊரிலேயே வைத்திருக்கின்றனர். கோயில் கொடைக்கு ஊருக்குப் போவது நம் உரிமை. அந்தப் பற்று வாழ்க. ஆனால் ஒருவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம், அதுவும் அவர் வழக்கமாக வாழும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பட்டியலில் பெயரில்லாத வீடுகள் உறுப்பினரின் கணக்கில் எளிதில் வருவதில்லை. கணக்கில் வாராத வீட்டுக்குச் செய்தியும் கடைசியாகவே வரும்.

மற்றொன்று மொழி. மும்பையில் அறிவிப்பு மராத்தியில் வரும். பெங்களூரில் கன்னடத்தில் வரும். அது முறையே. கடைவீதியில் அம்மொழியைச் சரளமாகப் பேசும் நாம், சுவரில் ஒட்டிய தாளை வாசிக்க இயலாமல் நிற்பது நமக்கே நட்டம். குடும்பத்துக்கு ஒருவரேனும் அவ்வெழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றவர் அண்டை வீட்டாருக்கும் வாசித்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கேட்கும் வழக்கம். பொது அமைப்புகள் தம் பணிகளைத் தாமே முன்வந்து வெளியிட வேண்டும், வட்டார மொழியையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அவ்வட்டாரத்தின் ஆட்சிமொழியிலோ கேள்வியை எழுதிக் கொடுக்கலாம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் வடிக்க அலுவலர் உதவ வேண்டும். பொதுவாக 30 நாளுக்குள் விடை தரப்பட வேண்டும்.

நேயர்களே, உங்கள் வட்டத்தின் எண் யாது, உறுப்பினர் யார், அடுத்த மழைக்கு முன் எந்த வடிகால் தூர்வாரப்படும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவர் அந்நகரத்தின் குடிமகன் ஆகிறார். தெரியாதவர் எத்தனை ஆண்டு வாழினும் அங்கே விருந்தாளியே. நாம் வரி செலுத்துகிறோம், உழைப்பைத் தருகிறோம், பிள்ளைகளை அங்கேயே வளர்க்கிறோம். விருந்தாளியாக இருந்தது போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு வீட்டாராய்ச் சேர்ந்து சென்று, உங்கள் நகரசபை உறுப்பினரைக் கண்டு, இவற்றைக் கேளுங்கள்.