மடிக்கணினியைப் புதுப்பிக்குமுன்



விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொதுவான ஆதரவு, 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு மாற எண்ணுவோர், தம் கணினியில் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு உண்டா என முதலில் அறிதல் வேண்டும். அஃது இருப்பின் அடுத்தெழும் வினா, “என் கோப்புகள் என்னாகும்?” என்பதே.

“அவை டி டிரைவில் உள்ளன, விண்டோஸ் இருப்பது சி டிரைவில், அஞ்சவேண்டா” என்பர் பலர். இவ்விடை பெரும்பாலும் சரியே. பழையதன் மேலேயே புதியதை ஏற்றினாலும், சி டிரைவைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினாலும், டி டிரைவைத் தீண்டாதவரை அதிலுள்ளவை அழியா. ஆயின் நம்முடையவை யாவும் அங்கேதான் உள்ளனவா? டெஸ்க்டொப்பில் நாம் பரப்பி வைப்பனவும், ஆவணங்கள், பதிவிறக்கங்கள் ஆகிய கோப்புறைகளும், நாமாக இடம் மாற்றினாலன்றிச் சி டிரைவிலேயே உறைகின்றன. கண்முன் இருப்பதே முதலில் அழிவதாகும்.

இனி, நம் பாடசாலைகளுக்கு மிகவும் உரிய ஒன்றைச் சொல்வேன். இலங்கையில் வினாத்தாள்களும் கடிதங்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதப்பட்டு வந்தன. பாமினி ஒருங்குறி அன்று. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது. அவ்வெழுத்துரு வழக்கமாகச் சி டிரைவில், விண்டோஸ் கோப்புறையினுள் இருக்கின்றது. சி டிரைவு துடைக்கப்படின் அதுவும் போய்விடும். அப்போது டி டிரைவில் பத்திரமாயிருக்கும் பழைய வினாத்தாளைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். கோப்புக் கெட்டுவிட்டதென்று கருதி அதனை அழித்துவிடாதீர்கள். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பிவரும். ஆகவே எழுத்துருக் கோப்புகளையும் முன்கூட்டியே பிரதி செய்துகொள்க.

பிட்லொக்கர் பூட்டு இடப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்தல் நன்று. அஃதின்றேல், கடவுச்சொல்லும் நினைவில்லாதவிடத்து, புதிய விண்டோஸ் உங்கள் டி டிரைவைத் திறந்து தராது.

புதிதாக நிறுவும்போது திரையில் சி, டி என்னும் பெயர்கள் தோன்றா. டிஸ்க் 0, பார்ட்டிஷன் 3 என்றவாறு எண்களே தோன்றும். எது எதுவென அளவைக் கொண்டே அறியவேண்டும். அவ்வளவுகளையும் அதே தாளிற் குறித்துக்கொள்க. பல மடிக்கணினிகளில் சியும் டியும் வெவ்வேறு தட்டுகள் அல்ல, ஒரே தட்டின் இரு கூறுகளே. ஒரு கை தவறினாலும், தட்டு பழுதுற்றாலும், இரண்டும் சேர்ந்தே போகும். ஆதலின் யாவற்றையும் வெளித்தட்டு ஒன்றிற் பிரதி செய்து, அதனைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குக. நிறுவி முடிந்தபின், பழைய வினாத்தாள் ஒன்றையும் நிழற்படம் ஒன்றையும் திறந்து பார்க்குமளவும் அப்பிரதியில் கைவைக்க வேண்டா.