தெளிந்த நீரும் கடின நீரும்



வேதாரணியம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், மங்கிய சட்டையோடு வந்த மாணவன் ஒருவனை வகுப்பிலே கடிந்துகொண்டேன். "தினமும் துவைக்கிறோம் சார், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை" என்றான் அவன். அன்று மாலையே அந்நீரைச் சோதித்தேன். அவன் சொன்னது உண்மை.

காவிரியில் புதுவெள்ளம் வரும்போது நீர் கலங்கியிருக்கும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்தால் மண் படிந்து நீர் தெளியும். ஆனால் கடினத்தன்மை கண்ணுக்குப் புலப்படும் கலங்கல் அன்று. நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளே அதற்குக் காரணம். ஆகவே பளிங்குபோல் தெளிந்த கிணற்று நீரும் கடின நீராயிருக்கலாம். அவ்வுப்புகள் சோப்போடு கூடிக் கரையாத பிசுக்காகித் துணியில் ஒட்டுகின்றன, துணி மங்குகிறது. அந்நீரில் பருப்பும் எளிதில் வேகாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டு விதிப்படி, குடிநீரின் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம்.

உங்கள் வீட்டு நீர் எவ்வகையது என்பதை நீங்களே அறியலாம். ஒரு புட்டியில் பச்சைத் தண்ணீரும், மற்றொன்றில் கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த நீரும் சம அளவில் எடுங்கள். இரண்டிலும் சோப்புக் கரைசலைச் சமமாகச் சொட்டி நன்கு குலுக்குங்கள். கொதித்த நீர் மட்டும் நன்றாக நுரைத்தால், அது தற்காலிகக் கடினம், பைகார்பனேட்டுகளால் விளைவது. காய்ச்சினால் அவை வெண்மையாய்ப் படிந்துவிடும். தெளிவை இறுத்துக்கொண்டால் போதும்.

இரண்டுமே நுரைக்கவில்லையெனில், அது நிரந்தரக் கடினம். சல்பேட்டு, குளோரைடு உப்புகளால் விளைவது. கடலோரக் கிணறுகளில் இதனைக் காணலாம். இதனை நீக்குவதற்கென்று எவ்வளவு காய்ச்சினாலும் எரிபொருள்தான் வீண். துவைக்கும் நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்துப் படியவிட்டு, பிறகு சோப்பிடுங்கள். இது துவைப்பதற்கு மட்டுமே. குடிக்கவோ சமைக்கவோ ஆகாது.

சமையலுக்கு வானம் தரும் மென்னீர் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003இல் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. முதல் மழையை ஓடவிட்டு, தூய கூரையிலிருந்து விழும் நீரை வடிகட்டி மூடிவையுங்கள், காய்ச்சிப் பருகுங்கள்.

மறுநாள் அதே வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அச்சிறுவனே எல்லோர் முன்னிலையிலும் இச்சோதனையைச் செய்துகாட்டினான். சட்டையின் நிறங்கண்டு ஒருவன் ஒழுக்கத்தை அளக்குமுன், அவன் வீட்டுக் கிணற்று நீரை அளந்துபார்த்தல் நன்று.