அந்தி அழுகையும் அன்னை நாவும்



விளக்கேற்றும் பொழுதில் பள்ளிபாளையத்துத் தெருவொன்றில் நடந்து சென்றால், விசைத்தறிகளின் இரைச்சலையும் மீறி ஓர் ஓசை கேட்கும். அஃது ஒன்றரை, இரண்டு அகவைக் குழவியின் அழுகை. குமாரபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் சேலத்துக் கொலுசுப் பட்டறைத் தெருக்களிலும் இதே நிலைதான். சோறூட்டினால் துப்பும், தூக்கினால் இறங்கத் துடிக்கும், இறக்கிவிட்டால் தூக்கச் சொல்லிக் கதறும். பகலெல்லாம் தார் சுற்றிக் கைசோர்ந்த தாய் என்ன செய்வாள்? தந்தையோ சரக்குந்து ஓட்டிக்கொண்டு வடநாட்டில் எங்கோ இருப்பான். அவள் கைப்பேசியை எடுத்துக் குழவியின் கையிற் கொடுக்கின்றாள். அதில் ஆங்கிலப் பாட்டொன்று ஓடுகின்றது. அழுகை நிற்கின்றது.

அத்தாயைப் பழிக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும், நின்றது அழுகை மட்டுந்தானா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்தியில் குழவி ஏன் அடம்பிடிக்கின்றது? அயர்வு ஒன்று. அவ்வகவையில் பகலுறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணிநேரம் உறக்கம் வேண்டும். நண்பகலுறக்கம் தவறினால் அந்தியில் வட்டியோடு கேட்கும். பசி மற்றொன்று. எல்லாவற்றினும் பெரியது சொல்லின்மை. குழவிக்குப் புரியும் சொற்கள் பல. வாயில் வருவன சில. கால் வலிக்கிறதென்றோ அம்மாயியிடம் போக வேண்டுமென்றோ சொல்லத் தெரியாத வாய் அழுகின்றது. அதற்கு மருந்து சொல்லேயன்றி வேறென்ன? 'மம்மு வேண்டுமா? தாச்சிக்கொள்கிறாயா?' என்று தாய் கேட்குந்தோறும், தன் உள்ளத்தில் உள்ளதற்கு ஒரு பெயருண்டு என்று குழவி கற்கின்றது. கைப்பேசிப் பாட்டு ஓடும். குழவி சொல்வதைக் கேளாது, விடை கூறாது. இரண்டு அகவை நிரம்பாத குழவிக்குத் திரையே வேண்டா என்றும், அதன்பின் ஐந்து அகவை வரை நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேற்படலாகாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் நெறி வகுத்தது.

தமிழர் இதனை என்றோ அறிந்தவர். தால் என்பது நாக்கு. நாவாட்டிப் பாடுவது தாலாட்டு. தொட்டிலை ஆட்டுவதால் வந்த பெயரன்று! பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் அம்புலிப் பருவத்தைப் பாருங்கள். மகவோடு விளையாட வருமாறு திங்களை அழைக்கும் பருவம் அது. நீயும் இக்குழவியும் ஒப்பு என்று பாவலர் இன்சொற் கூறுவர். பின்னர்க் குழவியே உயர்வென்று வேற்றுமை காட்டுவர். வந்தால் இன்னது பெறுவாய் என்பர். வாராவிடில் ஒறுப்போம் என்பர். இந்நால்வகையும் திங்களின்மேல்தான். குழவியின்மேல் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. இன்றோ, பூச்சாண்டி வருகிறான் என்றும் ஊசி போட்டுவிடுவார் என்றும் குழவியையே மிரட்டுகின்றோம். நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் சிறுமகவைப் புறநானூற்றில் காட்டிய பாண்டியன் அறிவுடை நம்பி, நாடாண்ட வேந்தன். அவன் அதனைக் குறையென்று சொல்லவில்லை.

மேடையில் தமிழ் தமிழென்று முழங்கிவிட்டு வந்து, வீட்டில் மகவு அழுதால், 'அதை அடக்கு' என்று மனைவியை அதட்டும் தோழர்க்கும் ஒரு சொல். நாக்கு ஆணுக்கும் உண்டு. சேலம் மாவட்டத்துச் சமுத்திரத்திற் பிறந்த பாவலரேறு பெருஞ்சித்திரனார் 'தென்மொழி'யோடு நில்லாமல், சிறார்க்கெனத் 'தமிழ்ச்சிட்டு'ம் நடத்தினார் என்பதை உள்ளங்கொள்க.

செய்யத்தக்கது எளிது. பொழுது சாய்ந்ததும் சோறு, அடுத்து வெந்நீரால் கைகால் கழுவல், விளக்கைத் தணித்தல், பாட்டு. நாடோறும் இதே வரிசை. தாய் அடுப்படியில் நின்றால் அப்பாரு குழவியைத் தோளிலிட்டு வாயிலுக்குச் செல்லட்டும். வளர்பிறையில் அந்தியிலேயே திங்கள் தெரியும். முழுமதி கழிந்து சில நாளானால், குழவி உறங்கிய பின்னரே அஃது எழும். அந்நாள்களில் வேம்பில் கூடடையும் காக்கைகளை ஒவ்வொன்றாய் எண்ணிக் காட்டலாம்.