ஒன்றியம் என்னும் சொல்

நாம் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர். ஆங்கிலத்தில் 'யூனியன்' என்று வருவதைத் தமிழில் 'மத்திய' என்பதா, 'ஒன்றிய' என்பதா என்ற ஐயம் நம் மேசைக்குப் புதியதன்று. 2021-ஆம் ஆண்டில் அவ்வையம் தமிழ்நாட்டில் அரசியல் வழக்காகவே மூண்டது. மாநில உரிமையை வலியுறுத்துவோர் 'ஒன்றிய அரசு' என்றனர். மற்றவர் அதனை மறுத்தனர். ஒரு சொல்லுக்கு இத்துணை வாதமா என்று வியப்போர் அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைகளைப் புரட்டிப் பார்த்தல் நலம்.

1946 டிசம்பர் 13-இல் நேரு அச்சபையில் கொணர்ந்த குறிக்கோள் தீர்மானம், எஞ்சிய அதிகாரங்கள் மாகாணங்களிடமே இருக்கும் என்றது. எந்தப் பட்டியலிலும் அடங்காத அதிகாரங்களையே அவ்வாறு அழைப்பர். பிரிவினையின்றி எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கலாம் என்ற நம்பிக்கை அன்று எஞ்சியிருந்தது. 1947 ஜூன் 3-இல் பிரிவினைத் திட்டம் வெளியாயிற்று. அடுத்த மாதமே, நேரு தலைமை வகித்த குழு, வலுவான மத்திய அரசு வேண்டும், எஞ்சிய அதிகாரங்களும் அதனிடமே இருக்கட்டும் என்று அறிக்கை தந்தது. ஏழு மாதத்திற்குள் தராசு மறுபுறம் சாய்ந்துவிட்டது. நாடு மேலும் துண்டுபடுமோ என்ற அச்சமே அதனைச் சாய்த்தது. அவ்வச்சம் வீணென்று சொல்வார் யார்?

1948 நவம்பர் 4-இல் டாக்டர் அம்பேத்கர் 'யூனியன்' என்ற சொல்லுக்கு விளக்கம் தந்தார். இக்கூட்டாட்சி மாநிலங்களின் உடன்படிக்கையால் பிறக்கவில்லை. ஆகவே பிரிந்து செல்லும் உரிமை எதற்கும் இல்லை என்பதே அவர் கருத்து. பிரிக்கவொண்ணாமையை உணர்த்த அவர் விளக்கிய அதே சொல், தமிழில் இன்று மாநிலங்களின் தகுதியை உணர்த்த வழங்குகிறது. சொற்களின் விதி இவ்வளவு விந்தையானது!

மற்றொன்றும் காண்போம். மாநில ஆட்சியைக் குடியரசுத் தலைவர் ஏற்க வழிசெய்யும் 356-ஆம் பிரிவு, பயன்படாத எழுத்தாகவே கிடக்கும் என்று 1949-இல் அம்பேத்கர் நம்பினார். 1951-இல் பஞ்சாபில் தொடங்கி, நூறு முறைக்கு மேல் அஃது எடுத்தாளப்பட்டது. 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வரம்பு கட்டியது. பெரும்பான்மையைச் சட்டசபையிலேயே சோதிக்க வேண்டும், அத்தகைய பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பளித்தது. சபையில் அன்று எச்சரித்தோரின் குரல் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் செவியேறிற்று எனலாம்.

அச்சத்தில் பிறந்த ஏற்பாடுகள், அச்சம் தணிந்த பின்னும் சட்டத்தில் நிலைத்துவிடுகின்றன. எனவே மத்திய அரசின் அதிகாரம் பற்றிய வாதம் எழும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த அதிகாரம் எந்த அச்சத்திற்கு மருந்தாக வந்தது, அந்நோய் இன்னும் உள்ளதா? இதற்கு விடை கண்டபின் எச்சொல்லை வழங்கினும் தெளிவோடு வழங்குவோம்.